சால்மன் சேஸ்: அடிமைகளின் வழக்கறிஞர் எழுதிய பணத்தாள் சட்டம்

1837 ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகர நீதிமன்றத்தில் மட்டில்டா என்னும் இளம்பெண் நிறுத்தப்பட்டார். அவரைத் தன் உடைமை எனக் கோரிய லார்கின் லாரன்ஸ் என்ற வெள்ளையரே அவருடைய தந்தையும் ஆவார். முந்தைய ஆண்டு இருவரும் ஆற்றுவழியே பயணம் செய்தபோது படகு சின்சினாட்டியில் நின்றது. அடிமைமுறைக்கு இடமில்லாத அந்த மண்ணில் மட்டில்டா இறங்கி நடந்துவிட்டார். அடிமை ஒழிப்பு இதழாளர் ஜேம்ஸ் பிர்னியின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தபோதுதான் ஆள்பிடிப்பவர்களின் கையில் சிக்கினார். அவருக்காக ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்து வாதிட்டவர் 29 வயதுச் சால்மன் போர்ட்லாண்ட் சேஸ். அடிமைமுறை என்பது அந்தந்த மாநிலச் சட்டம் மட்டுமே படைத்த ஒன்று, அந்த எல்லையைத் தாண்டி உரிமையாளரே அழைத்து வந்த பின் மனிதரை உடைமையாக்க எந்தச் சட்டமும் இல்லை என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மட்டில்டா ஒஹையோ ஆற்றின் அக்கரைக்கு, கென்டக்கிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் அடிமைச் சந்தைக்கு அனுப்பப்பட்டார்.

இரண்டு மாதங்கள் கழித்து, அதே ஆண்டு மே 10 ஆம் நாள், நியூயார்க் வங்கிகள் தாங்கள் அச்சிட்டுக் கொடுத்த தாள்களுக்கு இனித் தங்கமோ வெள்ளியோ தர இயலாதெனக் கதவடைத்தன. நாடெங்கும் மற்ற வங்கிகளும் தொடர்ந்தன. தாளில் அச்சிட்டிருந்த வாக்குறுதி ஒரே வாரத்தில் பொருளற்றுப் போனது. சேஸுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. தப்பியோடிய அடிமைகளுக்காக ஊதியமின்றி வாதாடிய அவர், வயிற்றுப்பாட்டுக்காகப் பார்த்த வேலை வங்கிகளின் சட்ட ஆலோசகர் வேலை.

இவ்விரண்டு வழக்குகளும், அதாவது மனித உடலின் மீது எழுதப்பட்ட உரிமையும் தாளின் மீது எழுதப்பட்ட வாக்குறுதியும், ஒரே மனிதரின் வாழ்க்கையில் எப்படிக் குறுக்கிட்டன என்பதே இக்கட்டுரை. நம் இயக்கத் தோழர்கள் பலர் நாணயச் சட்டம் என்றாலே அது பொருளாதாரப் பேராசிரியர்களின் துறை என ஒதுங்கிக்கொள்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் அப்படி ஒதுங்கவில்லை. 1923 இல் வெளிவந்த அவருடைய ரூபாய் பற்றிய நூல், யார் கையிலுள்ள பணத்தின் மதிப்பை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியோடு நேரடியாக மோதுகிறது. அந்தக் கேள்வியை அமெரிக்க மண்ணில் சட்டமாக எழுதியவர்களுள் முதன்மையானவர் சேஸ்.

அவர் பிறந்தது 1808 ஜனவரி 13 அன்று, நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் கார்னிஷ் என்னும் சிற்றூரில். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். ஒஹையோவில் ஆயராக இருந்த சிற்றப்பா பிலாண்டர் சேஸ் சில ஆண்டுகள் அவரைக் கண்டிப்போடு வளர்த்தார். டார்ட்மவுத் கல்லூரியில் 1826 இல் பட்டம் பெற்று, தலைநகர் வாஷிங்டனில் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டே வில்லியம் விர்ட் என்ற அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் சட்டம் பயின்றார். 1830 இல் சின்சினாட்டிக்கு வந்து சேர்ந்தார். வழக்குகள் இல்லாத தொடக்க ஆண்டுகளில் ஒஹையோவின் சட்டங்கள் அனைத்தையும் மூன்று தொகுதிகளாகத் தொகுத்து வெளியிட்டார். எழுதப்பட்ட சட்டத்தை வரிவரியாக அறிந்தவருக்கே அதன் ஓட்டைகளும் தெரியும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. மூன்று முறை மணந்தார். மூன்று மனைவியரும் இளவயதில் இறந்தனர். ஆறு பெண்மக்களில் இருவரே பிழைத்தனர்.

அக்கால அமெரிக்காவில் அரசு பணத்தாள் அச்சிடவில்லை. ஒவ்வொரு மாநிலமும் உரிமம் வழங்கிய தனியார் வங்கிகள் அச்சிட்டன. உள்நாட்டுப் போர் தொடங்கும் வேளையில் ஏறத்தாழ 1,600 வங்கிகள், 7,000 வகைத் தாள்களைப் புழக்கத்தில் விட்டிருந்தன. கள்ளத்தாள்கள் தனி. தாளைக் கொண்டுவந்து கேட்பவர்க்குக் கேட்ட அக்கணமே தங்க, வெள்ளி நாணயம் தர வேண்டும் என்பதே சட்டம். ஆனால் அதனைத் தர வேண்டிய இடம் அந்தத் தாளை வெளியிட்ட வங்கியின் சொந்த முகப்பு. சின்சினாட்டியில் கூலியாகப் பெற்ற இந்தியானா வங்கித் தாளை மாற்ற இந்தியானாவுக்கே போக வேண்டும். போக இயலாதவர் உள்ளூர்த் தரகரிடம் கொடுத்தால் அவர் வட்டம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். எந்த வங்கித் தாளுக்கு எவ்வளவு வட்டம், எது கள்ளத்தாள், எந்த வங்கி மூழ்கிவிட்டது என்று அச்சிட்டுச் சொல்வதற்கென்றே இதழ்கள் இருந்தன. நியூயார்க்கில் ஜான் தாம்சன் நடத்திய இதழ் அவற்றில் பெயர்பெற்றது. இந்தத் தாம்சனை நாம் மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கும்.

மிச்சிகன் மாநிலம் 1837 இல் யார் வேண்டுமானாலும் வங்கி தொடங்கலாம் எனச் சட்டம் இயற்றியதும், மனித நடமாட்டமற்ற காட்டோரங்களில் வங்கிகள் முளைத்தன. ஆய்வாளர்கள் வருவதற்கு முன்பாக ஒரே நாணயப் பெட்டி வங்கி வங்கியாகப் பயணம் செய்தது. நியூ இங்கிலாந்தில் மட்டும் பாஸ்டனின் சஃபோக் வங்கி 1820 களிலிருந்தே அவ்வட்டாரத் தாள்களை முழு மதிப்புக்கு மாற்றும் ஏற்பாட்டை நடத்தி வந்தது. நியூயார்க் மாநிலம் 1838 இல் வேறொரு வழியைக் கண்டது. தாள் வெளியிடும் வங்கி அதற்கு ஈடாகப் பத்திரங்களை அரசு அதிகாரியிடம் வைக்க வேண்டும். வங்கி மாற்றித் தர மறுத்தால் அதிகாரி அந்தப் பத்திரங்களை விற்றுத் தாள் வைத்திருப்பவர்க்குப் பணம் கொடுப்பார். சேஸ் பின்னாளில் எடுத்துக்கொண்ட விதை இதுதான்.

இந்த ஏற்பாட்டில் நசுங்கியவர் யார்? வணிகரிடம் இதழும் தரகரும் இருந்தனர். கூலிக்காரரிடம் எதுவும் இல்லை. மதிப்புக் குறைந்த தாள்களை மலிவாக வாங்கி, முழு மதிப்புக்குக் கூலியாகக் கொடுத்த முதலாளிகளைப் பற்றி அன்றைய தொழிலாளர் அமைப்புகள் ஓயாமல் முறையிட்டன. அந்தக் கூலிக்காரர் கறுப்பரானால் நிலை இன்னும் கீழே. ஒஹையோவில் அடிமைமுறை இல்லை. ஆனால் வெள்ளையர் ஒருவர் தரப்பாக உள்ள எந்த வழக்கிலும் கறுப்பர் சாட்சி சொல்லக் கூடாது என 1807 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. செல்லாத தாளைக் கொடுத்து ஏமாற்றிய வெள்ளை முதலாளிக்கு எதிராக, ஏமாந்த கறுப்புத் தொழிலாளி கூண்டில் ஏறி நடந்ததைச் சொல்லவே முடியாது. பணத்தை மீட்கும் உரிமை, சாட்சி சொல்லும் உரிமையில்லாதவனுக்கு வெற்றுத்தாள். வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டுக்கு வராமல் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

தெற்கே இன்னும் கொடிய ஒன்று நடந்துகொண்டிருந்தது. லூசியானாவின் சிட்டிசன்ஸ் வங்கி 1833 இல் தொடங்கப்பட்டபோது, தோட்ட முதலாளிகள் நிலத்தையும் அடிமைகளையும் அடமானம் வைத்தே பங்குகளைப் பெற்றனர். அந்த அடமானத்தின் வலுவில் ஐரோப்பாவில் கடன் திரட்டப்பட்டது. அந்த வங்கியும் தாள் வெளியிட்டது. அந்தத் தாளின் வாக்குறுதிக்குப் பின்னால் நின்றது, கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த மனிதர்களின் உடல். மட்டில்டா அனுப்பப்பட்ட நியூ ஆர்லியன்ஸ்தான் அந்த வங்கியின் ஊர்.

மட்டில்டா வழக்கில் தோற்ற பிறகு சேஸ் நிற்கவில்லை. 1842 இல் ஜான் வான் சான்ட் என்னும் விவசாயி தன் வண்டியில் ஒன்பது அடிமைகளை ஏற்றிச் சென்றபோது பிடிபட்டார். உரிமையாளர் வார்ட்டன் ஜோன்ஸ் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். சேஸ், வில்லியம் சீவர்டுடன் இணைந்து ஊதியமின்றி இவ்வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்று 1847 இல் தோற்றார். வான் சான்ட் எல்லாவற்றையும் இழந்து அதே ஆண்டில் இறந்தார். ஆற்றின் அக்கரையில் இருந்த கென்டக்கியர் சேஸுக்குத் தப்பியோடிய அடிமைகளின் அரசு வழக்கறிஞர் என்ற பட்டத்தை ஏளனமாகச் சூட்டினர். அவர் அதனை விரும்பி ஏற்றார். 1845 இல் சின்சினாட்டியின் கறுப்பின மக்கள் தம் சொந்தப் பணத்தில் வெள்ளிக் குடம் ஒன்றை அவருக்குப் பரிசளித்தனர். அந்த மேடையிலேயே, கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை வேண்டும் என அவர் பேசினார். வாக்கரசியலில் உயர விரும்பிய வெள்ளையர் எவரும் அன்று பேசத் துணியாத பேச்சு அது.

உயர வேண்டும் என்ற வேட்கையும் அவருக்குக் குறைவில்லை. 1849 இல் ஒஹையோ சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. சுதந்திர மண் கட்சியின் இரண்டு உறுப்பினர்கள் சனநாயகக் கட்சியோடு பேரம் பேசினர். பேரத்தின் பலனாகச் சேஸ் செனட் உறுப்பினரானார். அதே பேரத்தின் இன்னொரு பலன், சாட்சிச் சட்டம் உள்ளிட்ட கறுப்பர் ஒடுக்குமுறைச் சட்டங்களில் பெரும்பகுதி நீக்கப்பட்டது. பதவிக்காக விலைபோனார் என எதிரிகள் வாழ்நாள் முழுதும் தூற்றினர். என்னைக் கேட்டால், ஒரு செனட் இருக்கையோடு சாட்சிக் கூண்டும் கிடைத்த பேரம் மோசமானதன்று. ஆயினும், 1856 இல் அவர் ஒஹையோவின் ஆளுநராகப் பதவியேற்ற சில நாட்களில் மார்கரெட் கார்னர் என்ற தாய், குழந்தையை மீண்டும் அடிமைத்தளைக்கு அனுப்புவதைவிடக் கொல்வதே மேல் என முடிவெடுத்தபோது, சேஸின் அதிகாரம் அவரைக் காப்பாற்றவில்லை. கூட்டரசு அதிகாரிகள் கார்னரை ஆற்றின் அக்கரைக்கு அனுப்பினர். போதிய அளவு செய்யவில்லை என்ற பழி சேஸ் மீது நிலைத்தது. அது முற்றிலும் நியாயமற்ற பழி என்று என்னால் எழுத முடியவில்லை.

1860 இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக விரும்பினார், லிங்கனிடம் தோற்றார். லிங்கன் அவரைக் கருவூலச் செயலராக்கினார். 1861 மார்ச்சில் அவர் பொறுப்பேற்ற ஐந்தே வாரங்களில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆண்டு இறுதியில் வங்கிகள் மீண்டும் தங்கத்தை நிறுத்தின, அரசும் நிறுத்தியது. 1862 பிப்ரவரி 25 ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் 15 கோடி டாலர் அரசுத் தாளை வெளியிட்டு, அதனைக் கடன் தீர்க்கும் பணமாக அனைவரும் ஏற்றே ஆக வேண்டும் என்றது. பின்புறம் பச்சை மையில் அச்சிட்டதால் அதற்குப் பச்சைத்தாள் என்ற பெயர். கட்டாயச் செலாவணி என்ற கருத்தைச் சேஸ் தயங்கித் தயங்கியே ஏற்றார். தயக்கம் இருந்தபோதும் ஒரு டாலர் தாளில் தன் முகத்தையே அச்சிடச் செய்தார். மிகச் சிறிய தாள்தான் மிகப் பல கைகளுக்குப் போகும் என்பதை அறிந்தவர், 1864 தேர்தலையும் மனதில் வைத்திருந்தவர்.

அவர் மனமார விரும்பிய சட்டம் வேறு. 1861 டிசம்பர் அறிக்கையிலேயே அதனை முன்வைத்தார். 1863 பிப்ரவரியில் செனட்டில் 23 க்கு 21 என்ற வாக்கில் அது தப்பிப் பிழைத்தது. 1864 ஜூன் 3 இல் திருத்தி முழுமையாக்கப்பட்ட அந்தத் தேசிய வங்கிச் சட்டத்தின் இயக்கத்தைச் சட்ட மாணவர்கள் பொறுமையோடு பார்க்க வேண்டும். வங்கி முதலில் கூட்டரசின் கடன் பத்திரங்களை வாங்கிக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்பத்திரங்களின் மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கியின் பெயர் பொறித்த தாள்களை அரசு அச்சிட்டுத் தரும். கேட்பவர்க்கு வங்கி தன் முகப்பில் சட்டமுறைப் பணத்தை மாற்றித் தர வேண்டும். அதோடு, குறிப்பிட்ட பெருநகரங்களில் ஒரு முகவர் வங்கியை அமர்த்தி அங்கும் மாற்றித் தர வேண்டும். அந்தப் பெருநகர வங்கிகள் நியூயார்க்கில் மாற்றித் தர வேண்டும். எந்தத் தேசிய வங்கியும் மற்றொரு தேசிய வங்கியின் தாளை முழு மதிப்புக்கு ஏற்றே ஆக வேண்டும். வட்டம் பிடிக்கும் தரகரின் பிழைப்பு இதோடு முடிந்தது.

வங்கி மாற்றித் தர மறுத்தால்? தாள் வைத்திருப்பவர் நோட்டரியிடம் சென்று மறுப்பைப் பதிவு செய்யலாம். அந்தப் பதிவு பணத்தாள் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் போகும். அவர் விசாரித்து மறுப்பு உண்மையெனக் கண்டால், ஒப்படைத்த பத்திரங்கள் அரசுக்குப் பறிமுதலாகும், வங்கிக்கு ரிசீவர் நியமிக்கப்படுவார், அதன் தாள்கள் அனைத்துக்கும் கருவூலமே முழுப் பணம் கொடுக்கும். வங்கியின் மற்ற சொத்துகள் மீதும் அரசுக்கே முதல் உரிமை. விளைவு, ஒரு தேசிய வங்கி மூழ்கினாலும் அதன் தாளை வைத்திருந்த எவரும் ஒரு சென்ட் கூட இழக்கவில்லை. தெற்கே ஒரு வங்கித் தாளுக்குப் பின்னால் அடிமையின் உடல் ஈடாக நின்றது. சேஸின் தாளுக்குப் பின்னால், அடிமைமுறையை முறியடிக்கும் போருக்காகத் திரட்டிய கடன் நின்றது. இந்த வேறுபாட்டை மிகையாகப் புகழத் தேவையில்லை, குறைத்து மதிப்பிடவும் கூடாது.

பழைய வங்கிகள் எளிதில் மாறவில்லை. 1865 மார்ச் 3 ஆம் நாள் மாநில வங்கித் தாள்கள் மீது 10 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது, அத்தோடு அவை அழிந்தன. (கிட்டத்தட்ட அதே காலத்தில், 1861 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, வங்காளம், பம்பாய், சென்னை மாகாண வங்கிகளிடமிருந்த தாள் வெளியிடும் உரிமையைப் பிரித்தானிய இந்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது.)

கடன் பத்திரங்களை மக்களிடம் விற்க சேஸ் நியமித்தவர் ஜே குக் என்னும் பிலடெல்பியா வங்கியாளர். 50 கோடி டாலருக்கு மேல் விற்றுக் கொடுத்தார். சேஸின் சொந்த முதலீடுகளையும் குக் கவனித்துக்கொண்டார், கடனும் கொடுத்தார். இலஞ்சம் எனச் சொல்லச் சான்றில்லை. ஆனால் அரசுப் பணியின் முகவரிடம் தன் வீட்டுக் கணக்கையும் ஒப்படைக்கும் அமைச்சரை இன்று நாம் எப்படி அழைப்போம்? குக் குடும்பத்தின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1864 ஜூன் இறுதியில் நியமனத் தகராறு ஒன்றில் சேஸ் விலகல் கடிதம் கொடுத்தார். முன்பும் பலமுறை கொடுத்திருந்தார். இம்முறை லிங்கன் ஏற்றுக்கொண்டார். அக்டோபரில் தலைமை நீதிபதி ரோஜர் டேனி இறந்தார். கறுப்பர் குடிமக்கள் ஆகவே முடியாது என 1857 இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பெழுதியவர் அவர். அந்த இருக்கையில் டிசம்பரில் சேஸ் அமர்ந்தார். 1865 பிப்ரவரி 1 ஆம் நாள், சார்லஸ் சம்னர் முன்மொழிய, மருத்துவரும் வழக்கறிஞருமான ஜான் ராக், உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை பெற்ற முதல் கறுப்பின வழக்கறிஞராகப் பதிவு செய்யப்பட்டார். அடிமைமுறையை ஒழிக்கும் 13 ஆம் திருத்தம் அதற்கு முந்தைய நாள்தான் மக்களவையில் நிறைவேறியிருந்தது. முதல் தலைமுறை வழக்கறிஞராக கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றப் படியேறிய நாளை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் அந்தக் காட்சியை விவரிக்க வேண்டாம்.

என் பார்வையில் சேஸின் மிகச் சிறந்த தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தில் எழுதப்பட்டதன்று. 1867 இல் மேரிலாந்து வட்டார நீதிமன்றத்தில் எலிசபெத் டர்னர் வழக்கில் வழங்கப்பட்டது. அந்த மாநிலத்தில் அடிமைமுறை 1864 நவம்பர் 1 அன்று ஒழிந்தது. இரண்டே நாட்களில், சிறுமியான டர்னர் பயிற்சிப் பணியாளர் என்ற பெயரில் பழைய உரிமையாளரிடமே எழுதிக் கொடுக்கப்பட்டார். வெள்ளைச் சிறாருக்கான ஒப்பந்தத்தில் கல்வி தர வேண்டும் என்ற விதி இருந்தது, கறுப்புச் சிறாருக்கு இல்லை. கறுப்புச் சிறாரைப் பிறருக்குக் கைமாற்றவும் இயலும். பெயர் மாறினாலும் இது அடிமைத்தளையே எனச் சேஸ் தீர்ப்பளித்து டர்னரை விடுவித்தார். செங்கல் சூளையில் முன்பணம் என்ற பெயரில் கட்டிவைக்கப்பட்ட குடும்பங்களுக்கு விடுதலைச் சான்றிதழ் பெற அலுவலகம் அலுவலகமாக அலையும்போது, அது கொத்தடிமை அல்ல, ஒப்பந்தம்தான் என்ற வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 1976 ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. பெயரைப் பார்க்காமல் பொருளைப் பார்க்கும் கண்தான் அரிதாயிருக்கிறது.

ஆனால் அதே சேஸ் 1868 இல், கறுப்பர் வாக்குரிமையை எதிர்த்து நின்ற சனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றார். வாக்குரிமையை மாநிலங்களே முடிவு செய்யட்டும் எனக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வெள்ளிக் குடம் கொடுத்த மக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அந்தப் பதவியும் கிடைக்கவில்லை.

பணத்தாளும் அவரை விடவில்லை. 1869 இல் மாநில வங்கித் தாள் மீதான வரி செல்லும் எனத் தீர்ப்பெழுதினார். 1870 பிப்ரவரி 7 அன்று ஹெப்பர்ன் வழக்கில், சட்டத்துக்கு முன்பே செய்த கடன்களுக்குப் பச்சைத்தாளைத் திணித்தது அரசமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தார். செயலர் சேஸ் வெளியிட்ட தாளைத் தலைமை நீதிபதி சேஸ் செல்லாதென்றார். போரின் நெருக்கடியில் தம் மதி தடுமாறியது என ஒப்புக்கொண்டார். பதவியில் இருந்தபோது செய்ததைப் பதவியிலிருந்தே தவறென்று சொல்லும் துணிவு அரிது. ஆயினும் அத்தீர்ப்பால் பயன் பெறுபவர் கடன் கொடுத்தவர், சுமை கூடுவது கடன்பட்டவர்க்கு என்பதையும் மறைக்கக் கூடாது. 15 மாதங்களில், புதிய நீதிபதிகள் இருவர் சேர்ந்த அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

1873 ஏப்ரலில், பக்கவாதத்தால் தளர்ந்திருந்த நிலையில், இரண்டு எதிர்த் தீர்ப்புகளில் அவர் பெயர் இடம்பெற்றது. 14 ஆம் திருத்தத்தின் குடியுரிமைப் பாதுகாப்பைச் சுருக்கிய இறைச்சிக்கூட வழக்கு ஒன்று. பெண் என்பதாலேயே மைரா பிராட்வெல்லுக்கு வழக்கறிஞர் உரிமையை மறுத்த வழக்கு மற்றொன்று. இரண்டாவதில் எட்டு நீதிபதிகளுக்கு எதிராக அவர் மட்டுமே நின்றார். மே 7 ஆம் நாள் நியூயார்க்கில் இறந்தார்.

அவர் சட்டத்தின் குறையை அவர் இறப்புக்குப் பின் நடந்தவை காட்டின. மாநில வங்கித் தாள்களை ஒழித்த வரிச்சட்டம் இயற்றப்பட்ட அதே 1865 மார்ச் 3 அன்று, விடுதலை பெற்ற மக்களுக்கென ஃப்ரீட்மென்ஸ் சேமிப்பு வங்கிக்கும் உரிமம் வழங்கப்பட்டது. அது தாள் வெளியிடும் வங்கி அன்று, சேமிப்பை வாங்கும் வங்கி. கறுப்புப் போர்வீரர், சலவைத் தொழிலாளர், பண்ணையாட்கள் டாலர் டாலராகச் சேமித்தனர். அரசே பின்னால் நிற்கிறது என நம்பினர். சேமிப்பை முதலில் அரசுப் பத்திரங்களில் இட வேண்டும் என்றிருந்த விதி 1870 இல் தளர்த்தப்பட்டது. நிதிக்குழுவின் தலைவர் ஹென்றி குக், ஜே குக்கின் தம்பி. 1873 செப்டம்பரில் ஜே குக் நிறுவனம் திவாலானது. அடுத்த மார்ச்சில் ஃப்ரெடரிக் டக்ளஸைத் தலைவராக அமர்த்தினர். உள்ளே என்ன நிலை என்று அறியாமலேயே அவர் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைக் கடனாகக் கொடுத்தார். 1874 ஜூன் இறுதியில் வங்கி மூடப்பட்டது. ஏறத்தாழ 61,000 பேரின் சேமிப்பு, கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர், சிக்கிக்கொண்டது.

அதே ஜூன் 20 ஆம் நாள் நாடாளுமன்றம் என்ன செய்துகொண்டிருந்தது? பணத்தாள் மாற்றும் விதிகளை மேலும் வலுவாக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தேசிய வங்கியும் தன் தாள்களில் 5 விழுக்காட்டைக் கருவூலத்தில் மீட்பு நிதியாக வைக்க வேண்டும், வாஷிங்டனிலேயே தாள்களை மாற்றிக்கொள்ளலாம் என்றது. தாளைக் கையில் வைத்திருந்தவர்க்கு அரசுப் பத்திரமும் மீட்பு நிதியும் இரட்டைக் காவல். சேமிப்புப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்க்கு எதுவும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு சேஸின் வரைவிலேயே இருந்தது. தாளைத்தான் அவர் காத்தார், சேமிப்பைக் காக்கவில்லை. சிற்றூரில் கூட 50,000 டாலர் முதல் இல்லாமல் தேசிய வங்கி தொடங்க முடியாது, நிலத்தின் பேரில் அது கடன் கொடுக்கவும் கூடாது. அதனால் தெற்கின் கறுப்பு விவசாயிக்கு வங்கி என்பது எட்டாத மாளிகையானது. விளைச்சலை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்ட கடைக்காரனே அவருடைய வங்கி.

1877 இல், வங்கித் தாள் இதழ் நடத்திய அதே ஜான் தாம்சன் நியூயார்க்கில் புதிய வங்கியொன்றைத் தொடங்கி, மறைந்த சேஸின் பெயரைச் சூட்டினார். சேஸுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. அந்தப் பெயர் இன்று ஜேபி மார்கன் சேஸ் என்ற பெருவங்கியில் வாழ்கிறது. 2005 இல் அந்த வங்கி, தன் முன்னோடிகளாக இருந்த லூசியானா வங்கிகள் இரண்டு ஏறத்தாழ 13,000 அடிமைகளை அடமானமாக ஏற்றதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவற்றில் ஒன்று நாம் மேலே கண்ட சிட்டிசன்ஸ் வங்கி.

பத்திரங்களைக் கருவூலம் திரும்பப் பெற்றுக்கொண்ட 1935 ஆம் ஆண்டோடு தேசிய வங்கித் தாள்கள் முடிவுக்கு வந்தன. நோட்டரியின் மறுப்புப் பதிவு, பத்திரப் பறிமுதல், 5 விழுக்காடு நிதி பற்றிய பிரிவுகள் பயனற்றுச் சட்டப் புத்தகத்தில் பல்லாண்டுகள் கிடந்தன. 1994 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவற்றில் பலவற்றை நீக்கியது. பழைய தாள் ஒன்று இன்று எவரிடமேனும் இருந்தால் அதற்கு இன்றும் முழு மதிப்பு உண்டு.

ஃப்ரீட்மென்ஸ் வங்கியின் கணக்குகளை முடிக்கும் பொறுப்பு 1881 இல், சேஸின் சட்டம் உருவாக்கிய பணத்தாள் கட்டுப்பாட்டு அதிகாரியிடமே வந்தது. சேமித்தவர்களுள் ஒரு பகுதியினர்க்கு ஐந்தில் மூன்று பங்கு அளவே திரும்பக் கிடைத்தது. ஏராளமானோர்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முழுத் தொகையையும் அரசே கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் மீண்டும் நாடாளுமன்றத்துக்குச் சென்றது, நிறைவேறவில்லை. 2016 ஜனவரியில், கருவூலத்தின் துணைக் கட்டடம் ஒன்றுக்கு ஃப்ரீட்மென்ஸ் வங்கிக் கட்டடம் எனப் பெயர் சூட்டினார்கள்.